சும்மா இருக்கும்போது மூளை என்ன செய்கிறது?



இந்தக் கட்டுரையைத் தொடர்ந்து படிப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்வோம். கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு நாற்காலியில் அமர்ந்து 5 நிமிடம் எதையும் செய்யாமல் இருங்கள். படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, தூங்கவும் கூடாது. நேரம் முடிந்ததும் வந்து படியுங்கள்.

எப்படி இருந்தது? முதல் நிமிடம் எளிதாக இருந்திருக்கும். இரண்டாவது நிமிடத்தில் கால் ஆடத் தொடங்கியிருக்கும். புலனத்தில் யாராவது செய்தி அனுப்பியிருப்பார்களோ என்ற எண்ணம் வந்திருக்கும். "5 நிமிடம் இவ்வளவு நீளமா?" என்றுகூடத் தோன்றியிருக்கும்.

உங்களில் சிலருக்கு இதற்கு நேர்மாறாக நடந்திருக்கலாம். தோள் தளர்ந்து, மூச்சு மெதுவாகி, எழுந்திருக்கவே மனம் வராமல் இருந்திருக்கலாம்.

இரண்டுமே இயல்புதான். தனியாக, அமைதியாக இருப்பது சிலருக்கு ஏன் கடினமாகவும் சிலருக்கு ஏன் இதமாகவும் இருக்கிறது? அந்த நேரத்தில் மூளையிலும் உடலிலும் என்ன நடக்கிறது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தனிமையைவிட மின்னதிர்ச்சி மேலா?

2014-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் திமோத்தி வில்சனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வெறும் அறையில் தனியாக அமர்ந்து, தங்கள் எண்ணங்களோடு மட்டும் சிறிது நேரம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பலருக்கு அது பிடிக்கவில்லை. அதையே வீட்டில் செய்யச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இடையில் கைப்பேசியை எடுத்தோம், பாட்டுக் கேட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு ஆய்வாளர்கள் ஒரு பொத்தானை வைத்தார்கள். அதை அழுத்தினால் வலிக்கக்கூடிய லேசான மின்னதிர்ச்சி கிடைக்கும். பங்கேற்றவர்கள் அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை உணர்ந்திருந்தார்கள். "இது மறுபடியும் வேண்டாம், தவிர்ப்பதற்குப் பணம்கூடக் கொடுப்போம்" என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் 15 நிமிடம் தனியாக இருக்க வேண்டி வந்தபோது, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அந்தப் பொத்தானை ஒருமுறையாவது அழுத்தினார்கள்!

இதைப் படித்துவிட்டு "மனிதனுக்குத் தனிமை ஒத்துவராது" என்று முடிவு செய்துவிட வேண்டாம். அந்த ஆய்வு காட்டுவது இதுதான்: பழக்கமில்லாதவர்களுக்குச் சும்மா இருப்பது கடினம். நீச்சல் தெரியாதவருக்கு ஆழமான குளம் அச்சம் தருகிறது. அதற்காகக் குளத்தைக் குறை சொல்ல முடியுமா?

மூளைக்கு ஓய்வு என்பது வேலை நிறுத்தமா?

"சும்மா உட்கார்ந்திருக்காதே!" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் யார்? "சும்மா" என்ற சொல்லுக்கு எதுவும் செய்யாமல் என்று பொருள் கொள்கிறோம். ஆனால் மூளையைப் பொறுத்தவரை "சும்மா" என்று ஒரு நிலையே கிடையாது.

இதை முதலில் காட்டியவர்களுள் ஒருவர் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924-ஆம் ஆண்டு அவர் மனிதத் தலையின் மேல் மின்முனைகளைப் பொருத்தி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். 1929-இல் அதை வெளியிட்டார். ஒருவர் கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது, நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் சீரான அலைகள் தோன்றுகின்றன. இவற்றை ஆல்பா அலைகள் என்கிறோம். கண்ணைத் திறந்ததும் அவை குறைந்துவிடுகின்றன. அமைதியான மூளையும் மின்சாரத்தால் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதற்கு இது சான்று.

அடுத்த பெரிய வியப்பு 2001-இல் வந்தது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ரெய்க்கிள் என்னும் நரம்பியல் அறிஞரின் குழு, மூளைப் படங்களை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஒரு வேலையைக் கொடுத்தால் மூளையின் சில பகுதிகள் சுறுசுறுப்படையும் என்பது முன்பே தெரியும். ஆனால் வேறு சில பகுதிகள் அப்போது தணிந்தன. வேலை முடிந்து ஆள் சும்மா இருக்கும்போது அவை மீண்டும் எழுந்தன. ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் இந்தப் பகுதிகளின் கூட்டத்தை நாம் "இயல்புநிலை வலையமைப்பு" என்று அழைக்கலாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மூளையின் எடை நம் உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு. ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. கடினமான கணக்கைப் போடத் தொடங்கினால் அந்தச் செலவு பன்மடங்கு கூடுமா? இல்லை. கூடுவது பெரும்பாலும் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. அப்படியானால் மூளையின் பெரும்பகுதி வேலை, நாம் "சும்மா" என்று நினைக்கும் நேரத்திலும் நடந்துகொண்டே இருக்கிறது.

என்ன வேலை? பழைய நினைவுகளைப் புரட்டுவது, நாளைக்கு நடக்கப்போவதைக் கற்பனை செய்வது, "நான் எப்படிப்பட்டவன்?" என்று யோசிப்பது, பிறர் மனத்தில் என்ன இருக்கும் என்று ஊகிப்பது. காலையில் தோழியிடம் கோபமாகப் பேசியது மாலையில் தனியாக இருக்கும்போது நினைவுக்கு வந்து, "அவளுக்கு வருத்தமாக இருந்திருக்குமோ?" என்று தோன்றுகிறதல்லவா? அது இந்த வலையமைப்பின் வேலை. தனியாக இருக்கும்போதும் மூளை நம் மனிதர்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

பாடம் பதிய இடைவெளி வேண்டும்

எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கூர்ந்து படியுங்கள்.

2012-இல் மிக்கேலா டூவர் என்பவரும் அவருடைய குழுவினரும் 61 முதல் 87 வயது வரையுள்ள முதியவர்களுக்கு இரண்டு சிறு கதைகளைச் சொன்னார்கள். ஒரு கதைக்குப் பிறகு 10 நிமிடம், மங்கலான வெளிச்சமுள்ள அறையில் கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொன்னார்கள். மற்றொரு கதைக்குப் பிறகு அதே 10 நிமிடத்திற்கு, இரு படங்களுக்கிடையே வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். 7 நாள்கள் கழித்துக் கேட்டபோது, அமைதியாக இருந்த கதைதான் கூடுதலாக நினைவில் இருந்தது.

ஏன்? புதிதாகக் கற்ற செய்தி, அப்போதுதான் ஊற்றிய சிமெண்டைப் போன்றது. காய்வதற்குள் அதன்மேல் நடந்தால் கால் தடம் விழும். நினைவுகளை உருவாக்குவதில் மூளையின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகேம்பஸ் முக்கியப் பங்கு வகிக்கிறது. வடிவத்தில் கடற்குதிரையை ஒத்திருப்பதால் அதற்கு அந்தப் பெயர். புதிய செய்தி அங்கே உறுதிப்படச் சிறிது நேரம் தேவை.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு எலிகள் ஒரு தடயம் தந்தன. 2006-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஃபாஸ்டரும் மேத்யூ வில்சனும், ஒரு பாதையில் ஓடும் எலிகளின் ஹிப்போகேம்பஸைக் கவனித்தார்கள். எலி ஓடும்போது ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு நரம்பணு என்பதுபோல வரிசையாகத் துடித்தது. எலி ஓடி முடித்து, பாதையின் கடைசியில் நின்று இளைப்பாறியபோது, அதே நரம்பணுக்கள் மீண்டும் துடித்தன. இம்முறை கடைசியிலிருந்து தொடக்கத்திற்கு, மிக வேகமாக! காணொளியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதுபோல, எலியின் மூளை வந்த வழியைத் திரும்பப் பார்த்துக்கொண்டது.

இனி உங்கள் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேரம் வரலாறு படிக்கிறீர்கள். புத்தகத்தை மூடிய அடுத்த நொடி கைப்பேசியைத் திறக்கிறீர்கள். 15 நிமிடத்தில் 40 குறுங்காணொளிகள். நீங்கள் அதை "ஓய்வு" என்கிறீர்கள். உங்கள் மூளைக்கோ அது 40 புதிய பாடங்கள்.

காதுக்கு இமை இல்லை

கண்ணுக்கு இமை உண்டு, மூடிக்கொள்ளலாம். காதுக்கு இல்லை. தூங்கும்போதும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. காட்டில் வாழ்ந்த நம் முன்னோருக்கு அது உயிர்காக்கும் கருவி. திடீரென்று ஓர் ஒலி கேட்டால் மூளை அதை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. இன்று புலி வருவதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் உறுமலும் அறிவிப்பு மணியும் அதே உடலைத்தான் தட்டி எழுப்புகின்றன.

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகில் அளக்கிறோம். கிசுகிசுப்பு ஏறக்குறைய 30 டெசிபல், சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். பேச்சு கிசுகிசுப்பைப்போல் இரண்டு மடங்குதானே என்று நினைத்தால் தவறு. 10 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் ஒலியின் செறிவு 10 மடங்கு ஆகிறது. அப்படியானால் 30 டெசிபல் வேறுபாடு என்பது 10 × 10 × 10, அதாவது 1,000 மடங்கு. தொலைக்காட்சியின் ஒலியைக் கொஞ்சம் குறைத்தாலே உடலுக்கு ஏன் நிம்மதியாக இருக்கிறது என்பது இப்போது புரிகிறதா?

2006-இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி, இசை இதயத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்தார். 24 பேருக்கு மேற்கத்திய செவ்வியல் இசை, ராப், டெக்னோ, இந்திய சித்தார் இசை எனப் பலவகை இசையைக் கேட்கச் செய்தார். இசைத் துண்டுகளுக்கு நடுவே 2 நிமிட அமைதியையும் சேர்த்திருந்தார். அந்த அமைதியில்தான் வியப்புக் காத்திருந்தது. அப்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சின் அளவும், இசை தொடங்குவதற்கு முன்பிருந்த நிலையைவிடவும் கீழே இறங்கின.

அமைதி என்றால் ஒலியே இல்லாமை என்று பொருளன்று. விடியற்காலையில் பறவைக் குரல், மாலை மழையில் கூரைமேல் விழும் துளிகளின் ஓசை, இவையும் அமைதிதான். உங்களை அழைக்காத, உங்களிடம் பதில் கேட்காத ஒலிகள் அவை.

இரண்டு தனிமைகள்

தமிழில் "தனிமை" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். "தனிமையில் வாடினாள்" என்கிறோம். "தனிமையில் இனிமை கண்டான்" என்றும் சொல்கிறோம். முதலாவது, நமக்கு வேண்டிய உறவு கிடைக்காத ஏக்கம். இரண்டாவது, நாமே தேடிப் போகும் ஏகாந்தம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

மேலே சொன்ன மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலேயே, லிவியா டோமோவா என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. 40 பேர் ஒரு நாள் 10 மணி நேரம் யாருடனும் தொடர்பின்றி ஓர் அறையில் இருந்தார்கள். மற்றொரு நாள் 10 மணி நேரம் உணவின்றி இருந்தார்கள். பட்டினி இருந்த பிறகு உணவுப் படத்தைக் காட்டியபோது மூளையின் நடுப்பகுதியில் ஓரிடம் துடித்தது. தனித்திருந்த பிறகு மனிதர்கள் கூடிப் பழகும் படத்தைக் காட்டியபோதும் அதே இடம் துடித்தது. உறவுக்கான ஏக்கம், பசியைப் போலவே உடலின் ஒரு குரல். பசித்தவரிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்வது எப்படி நியாயமில்லையோ, அப்படித்தான் இதுவும்.

மறுபக்கம், நாமே விரும்பி எடுத்துக்கொள்ளும் சிறு தனிமை வேறு விதமாக வேலை செய்கிறது. 2018-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிடம் தனியாக இருந்தவர்களிடம் பரபரப்பான உணர்வுகள் தணிந்தன. கோபம், பதற்றம் மட்டுமல்ல, துள்ளலான உற்சாகமும் தணிந்தது. அடுப்பிலிருக்கும் பாலுக்குத் தீயைக் குறைப்பதுபோல! அந்தத் தனிமையைத் தாங்களே விரும்பி ஏற்றுக்கொண்டவர்களுக்கு மன அழுத்தம் குறைந்து, நிதானம் கிடைத்தது.

ஆக, தனிமை இதமாக இருக்க வேண்டுமானால் இரண்டு வேண்டும். ஒன்று, அது நம் விருப்பமாக இருக்க வேண்டும். மற்றொன்று, திரும்பிப் போனால் நமக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உறுதி வேண்டும். பள்ளி ஓய்வு நேரத்தில் மரத்தடியில் தனியாகப் புத்தகம் படிக்கும் மாணவனைப் பார்த்தால் உடனே பரிதாபப்பட வேண்டாம், கேலியும் செய்ய வேண்டாம். அவன் விரும்பி அங்கே இருக்கலாம். இடமில்லாமல் அங்கே ஒதுங்கியிருக்கவும் கூடும். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, போய் "வர்றியா?" என்று ஒருமுறை கேட்பதுதான்.

மனம் அசைபோடத் தொடங்கினால்?

"தனியாக இருந்தால் எனக்குக் கவலைதான் வருகிறது" என்று சிலர் சொல்வீர்கள். அது உண்மைதான். நினைவுகளைப் புரட்டும் அதே வலையமைப்பு, சில வேளை ஒரே கவலையை மாடு புல்லை அசைபோடுவதுபோலத் திரும்பத் திரும்ப மெல்லும். அப்போது இவற்றைச் செய்து பாருங்கள்.

மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்புச் சற்று விரைகிறது, விடும்போது சற்றுத் தணிகிறது. மூளையிலிருந்து இதயத்திற்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வேலை இது. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் நீங்களே உணரலாம்.

கவலையை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றை வெளியே வைத்துப் பார்க்க அது உதவும். உட்கார முடியவில்லையா? தனியாகச் சிறிது தூரம் நடங்கள்.

இவற்றைச் செய்தும், பல நாள்களாகத் தனிமை உங்களை அழுத்தினால், தூக்கமோ சாப்பாடோ கெட்டால், அதை உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அம்மா அப்பாவிடமோ, நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ, பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். பசித்தால் கேட்பதில் வெட்கமில்லையே.

நீங்களே செய்து பாருங்கள்

எந்த ஆய்வையும் அப்படியே நம்பிவிடாமல் சோதித்துப் பார்ப்பவர்தான் அறிவியல் மாணவர். தமிழ்ப்பள்ளியில் படித்த மூன்று மாறிகள் நினைவிருக்கின்றனவா?

கருதுகோள்: படித்த பிறகு 10 நிமிடம் அமைதியாக இருந்தால், பாடம் கூடுதலாக நினைவில் நிற்கும்.

தற்சார்பு மாறி: படித்த பின் செலவிடும் 10 நிமிடம் (அமைதியா, கைப்பேசியா).

சார்பு மாறி: மறுநாள் நினைவிலிருக்கும் சொற்களின் எண்ணிக்கை.

கட்டுப்படுத்தப்பட்ட மாறி: படிக்கும் நேரம், சொற்களின் எண்ணிக்கை, படிக்கும் இடம்.

செய்முறை: முதல் நாள், நீங்கள் அறியாத 15 மலாய் அல்லது ஆங்கிலச் சொற்களையும் அவற்றின் பொருளையும் 15 நிமிடம் படியுங்கள். பிறகு 10 நிமிடம் கண்ணை மூடி அமர்ந்திருங்கள். படித்ததை வலிந்து நினைக்க வேண்டாம். மறுநாள் அதே நேரத்தில், பார்க்காமல் எழுதி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வேறு 15 சொற்களைப் படித்துவிட்டு, 10 நிமிடம் கைப்பேசியைப் பாருங்கள். அடுத்த நாள் எழுதிப் பாருங்கள். இப்படி மாற்றி மாற்றி 6 நாள்கள் படியுங்கள். 7-ஆம் நாள் கடைசிச் சொற்களையும் எழுதி முடித்ததும், இரண்டு வரிசைகளின் சராசரியைக் கணக்கிட்டுப் பட்டைக் குறிவரைவு வரையுங்கள். உங்கள் கருதுகோள் பொய்த்துப்போனாலும் அதுவும் ஒரு முடிவே.

இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் பாட்டியோ தாத்தாவோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராக இருந்தால், அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ச்சியான வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். அதனால் இருட்டோடு எழுந்து, தமக்குரிய நிரையில் மரத்துக்கு மரம் நடந்தவர்கள் அவர்கள். அந்த விடியற்கால அமைதியில் என்ன நினைத்துக்கொண்டே வெட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பாடநூலிலும் கிடைக்காத விடை அது.

இன்றிரவு பாடம் முடிந்ததும், விளக்கைக் குறைத்துவிட்டு 10 நிமிடம் அமர்ந்து பாருங்கள். "என்னப்பா, புத்தகத்தை மூடிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கே?" என்று அம்மா கேட்கக்கூடும். "சும்மா இல்லம்மா, படிச்சது பதியட்டும்னு இருக்கேன்" என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 70 டெசிபல் ஒலியின் செறிவு, 30 டெசிபல் ஒலியின் செறிவைப்போல் எத்தனை மடங்கு?

2. கதை ஆய்வில், இரண்டு கதைகளுக்குப் பிறகும் ஏன் சரியாக ஒரே 10 நிமிடம் கொடுத்தார்கள்?

3. அந்த ஆய்வு முதியவர்களிடம் நடத்தப்பட்டது. அதன் முடிவு 16 வயது மாணவருக்கும் பொருந்துமா என்று அறிய நீங்கள் என்ன செய்வீர்கள்?

4. கடந்த வாரத்தில் நீங்கள் தனியாக இருந்த ஒரு வேளையை நினைத்துப் பாருங்கள். அது ஏக்கமா, ஏகாந்தமா? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?